குஞ்சுகளும் ஓடின

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு

பாப்பு, சிதம்பரத்துக்குப் போய்வந்து பி.எட். படித்தபோது, பாடத்தில் வந்த சோதனை என்று தட்டைத் தட்டித் தீனி போட்டே நம் கோழிகளைப் பழக்கினாய். "மனுசனும் இப்புடித்தாம்மா, பழக்குனா பழகிடுவான். உள்ள வேற ஒண்ணும் கெடையாது" என்று சிரிப்பாய்.

இன்று பொழுது சாயும்போது, யாரும் தட்டாமலே கோழிகள் நீ நின்று தீனி போடும் துவைகல்லுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தன. பயந்துபோய் வாசலுக்கு ஓடினேன். சிப்காட் வேலை முடிந்து வந்த பக்கத்து வீட்டு மேரி, "பழக்கந்தான்க்கா, நீ வேற பயந்து சாவாத" என்றாள். அப்படியானால் நான் உனக்காக அழுவதும் வெறும் பழக்கம்தானா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் கவனித்தேன். நீ செத்த பிறகு பொரிந்த குஞ்சுகளும் அங்கே நின்றன. தாய்க்கோழியைக் கூடை கவிழ்த்து மூடியிருந்தேன், அதன் பின்னால் ஓடிவரவும் இல்லை. நீ போனதிலிருந்து அந்தத் தட்டை யாரும் எடுத்ததே இல்லை. அதுகளை யாருடி பழக்கினது?