வாப்பாவை வாசலில் உட்காரவைத்த விதி

அன்புள்ள நுஸ்ரத்துக்கு,

ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன். நீயும் வாப்பாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். வாப்பாவுக்கு இருமல் குறைந்ததா?

போனில் கேட்டால் மறுபடியும் சிரிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். தையல் கடன் திட்டத்துக்காக உன் வருமானத்தை விசாரிக்க வந்த ஞானசீலன் சார், மற்றவர் காதில் விழக்கூடாது என்பது அரசு விதி என்று வாப்பாவைக்கூட வாசலில் உட்காரச் சொன்னாராமே. விதி இருக்கட்டும். எவ்வளவு சொன்னாய் என்று நான் கேட்டதற்கு, "அது எனக்கும் சாருக்குந்தான் தெரியும்" என்றாயே, அதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

நேற்று இந்தத் தாராவிப் பட்டறையிலிருந்தே அவருக்குப் போன் போட்டேன். "அவுங்க கையெழுத்துப் போட்டுக் கொடுக்காம, புருஷனா இருந்தாலும் சொல்லக்கூடாது சார்" என்றார். அவருக்கு இவ்வளவு மென்மையான குரல் என்று நீ சொல்லவேயில்லை.

என்னோடு பை தைக்கும் ஸ்டெர்லின், "பொண்டாட்டி சம்பாத்தியத்த ஆபீசர்கிட்டயா பாய் கேப்பாவ?" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவன் அவன்தான். அவன் திரும்பும்போது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மாசிக் கருவாட்டுத்தூளும், நீ தைத்த தலையணை உறை ஒன்றும் கொடுத்துவிடு. கடையில் வாங்கியதில் தலைவைத்தால் தூக்கம் வரவில்லை.

ரயிலுக்கு நேரமாகிறது என்று பையோடு நிற்கிறான். வருமானத்தை நீ சொல்லவே வேண்டாம். அவருக்கு டீ கொடுத்தாயா, கொடுத்திருந்தால் என் தம்ளரிலா, அதை மட்டும் எழுது.

உன்
காலித்