சாழி புகுந்த வீடு

ஜனவரி 4

சோற்றில் ஒன்று கிடந்தது. என் வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் எடுத்து எறிந்துவிட்டேன். விரலெல்லாம் நாற்றம். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

வயலில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் சாழிப் பூச்சி வருவது புதிதில்லை. சாயங்காலம் விளக்குப் போட்டால் நாலைந்து வந்து சுவரில் உட்காரும், துடைப்பத்தால் தள்ளிவிடுவோம். இந்த வருடம் கொஞ்சம் கூடுதல். கொடியில் காயும் துண்டில் இருக்கிறது, சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. நசுக்கினால் வீடே நாறும்.

பக்கத்து வீட்டு மாரப்பன் வயலில் இந்தத் தடவை சாழியே இல்லை என்று பேசிக்கொள்கிறார்கள். அது எப்படி? இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரு வரப்புதானே?

ஜனவரி 6

மாரப்பன் இவருக்குச் சித்தப்பா மகன். வரப்பில் நிற்கும் தென்னை யாருடையது என்று போன ஆடியில் தகராறு. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அவர் இருப்பார் என்பதற்காகவே இவர் பாடசேகரக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஊரில் நெல் போடுகிறவர்கள் எல்லோரும் கூடி, எப்போது நடுவது, எதற்கு என்ன மருந்து என்று முடிவு செய்யும் கூட்டம் அது. நாங்கள் மட்டும் தனியாவர்த்தனம்.

மாரப்பன் பெண்டாட்டி பூவாத்தாள் பால் சொசைட்டியில் என்னைப் பார்த்தால் பால் கேனைப் பார்ப்பாள். இன்றைக்கு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை மாதம் இல்லாத சிரிப்பு இப்போது எதற்கு?

ஜனவரி 7

யோகப்பிரியா போன் செய்தாள். தையில் ஒன்பதாம் மாதம் பிறக்கிறது. கட்டுச்சோறு கொண்டுபோய் விருந்து வைத்து, பொள்ளாச்சியிலிருந்து அவளைக் கூட்டி வர வேண்டும். தலைப்பிரசவம், ஒரே மகள். பின்னறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. அவள் வந்து அந்தக் கட்டிலில் படுத்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஜனவரி 9

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

காலையில் புல் அறுக்க வரப்புக்குப் போனேன். மாரப்பன் வயல் ஓரத்தில் வரிசையாகக் குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி முடிச்சு. எல்லாம் எங்கள் வீட்டைப் பார்த்த பக்கம். கிட்டே போனால் என்னவோ செத்து அழுகின வாடை. உள்ளே ஏதோ மெத்தென்று இருக்கிறது.

பிள்ளைத்தாய்ச்சி வரப்போகிற வீட்டைப் பார்த்து முடிச்சுக் கட்டித் தொங்கவிட்டால் என்ன அர்த்தம்? அந்தச் சிரிப்புக்கு இதுதான் அர்த்தமா?

இந்த மாதிரிச் செய்வினை வைத்ததை அவிழ்க்கக் கூடாது, மண்ணில் வைக்கக் கூடாது, வீட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது என்பார்கள். எல்லாவற்றையும் அறுத்துப் புல் சாக்கில் போட்டு, நான் மட்டும் புழங்கும் மாட்டுக் கட்டுத்தரையில் விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கட்டுத்தரைக்கும் சமையலறைக்கும் ஒரே சுவர். என் கண் பார்வையில் இருக்கட்டும். தை பிறந்ததும் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடுவார்கள். எல்லோர் முன்னாலும் இறக்கி வைத்துக் கேட்பேன். அதுவரை இவரிடமும் மூச்சு விடமாட்டேன். இவரிடம் சொன்னால் நேரே போய் மாரப்பனையே கேட்டுவிட்டு வந்து நிற்பார்.

ஜனவரி 11

வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது. சமையலறைச் சுவர் தெரியவில்லை, அவ்வளவு சாழி. பால் பாத்திரத்தில், உப்பு ஜாடியில், என் தலைமுடியில். முடிச்சை எடுத்த கோபம்தான் இது, வேறென்ன?

கட்டுத்தரையில் எலி செத்துக் கிடக்கிறதா என்று பால் வாங்க வந்த பையன் இவரிடம் கேட்டானாம். இவருக்குக் கொரோனாவிலிருந்தே மூக்கு சரியில்லை, ஒன்றும் தெரியவில்லை. ஆமாம், எலிதான் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 12

பூவாத்தாள் வரப்பில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். குனிந்து குனிந்து பார்த்தாள். தேடுகிறாள். நல்லாத் தேடட்டும்.

ஜனவரி 14

பொங்கல் பானையிலும் விழுந்தது.

ஜனவரி 16

வீடியோ காலில் யோகாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார். என் தோளில் ஊர்ந்ததை நான் பார்க்கவில்லை, அவர் பார்த்துவிட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

“அவ இங்கயே இருக்கட்டுங்க. பூச்சி விழற ஊட்டுக்குப் நெறமாசப் புள்ளைய எப்படி அனுப்பறதுங்க?”

சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு அழுதேன். பெத்தவ நான் இருக்க, எம்புள்ள தலைப்பிரசவத்துக்கு மாமியா ஊட்டுல கெடக்கோணுமா? ஊர் என்ன பேசும்? ஊரை விடு. வலி வந்தா அவ அம்மான்னுதானே கூப்பிடுவா?

சம்பந்தியம்மா இதற்கென்றே காத்திருந்தாரோ என்றும் தோன்றுகிறது. எல்லாரையும் சந்தேகப்படுகிறேன் என்று இவர் சொல்கிறார். சந்தேகப்படும்படி நடந்துகொண்டால் நான் என்ன செய்வது?

ஜனவரி 17

நொச்சி, வேப்பிலை எல்லாம் போட்டுப் புகை மூட்டினேன். நாங்கள்தான் இருமினோம். சோப்புத் தண்ணீர் அடித்தால் செத்ததை அள்ளுவதற்குள் புதிதாக வந்து உட்காருகிறது. மாடு நிலைகொள்ளாமல் காலை உதைக்கிறது. பங்காளிகள் கூட்டம் மாசிக்குத் தள்ளிப் போய்விட்டதாம். யார் தள்ளி வைக்கச் சொன்னது?

ஜனவரி 19

சாழிக்கு ஒரு வழி கேட்கலாமென்று இவர் ரோஷத்தை விட்டுவிட்டு இன்று பாடசேகரக் கூட்டத்துக்குப் போய்வந்தார். சாப்பிட உட்கார்ந்தபடியே சொன்னார்.

கூட்டத்தில் மாரப்பன் எழுந்து வருத்தப்பட்டாராம். கிருஷி பவன் விவசாய ஆபீசில் சொல்லிக்கொடுத்தபடி அழுகின மீனைத் துணியில் முடிந்து வயலோரம் கட்டியிருந்தாராம். அந்த வாடைக்குச் சாழியெல்லாம் கதிரை விட்டுவிட்டு முடிச்சில் வந்து மொய்க்கும், விடிகாலையில் சோப்புத் தண்ணீரில் உதறிக் கொன்றுவிடலாம். நன்றாகத்தான் பலன் கொடுத்ததாம். திடீரென்று ஒருநாள் முடிச்சு ஒன்றையும் காணோம். மரநாய் தூக்கியிருக்கும் என்கிறார். மறுபடி கட்டுவதற்குள் சாழி பாலை உறிஞ்சிவிட்டது, மேல் வயல் முழுக்கப் பதர்.

“மீனு வாடைக்கு எங்கிருந்தாலும் வருமாம் புள்ள. நாமளும் கட்டியிருக்கலாம்” என்றார் இவர்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். இலை வழிந்து தரையில் ஓடியது.

ஜனவரி 20

இவர் வயலுக்குப் போனதும் சாக்கை இறக்கினேன். சாக்கு நிறமே தெரியாமல் மொய்த்துக்கிடந்தது. அவிழ்த்தேன். மத்தித் தலையும் வாலும்.

குப்பைக் குழியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்துவிட்டு நிமிர்ந்தால், பூவாத்தாள் அவர்கள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. பார்த்திருக்க மாட்டாள். இல்லை, பார்த்திருப்பாளோ? ஒரே புடவையை எத்தனை தரம் உதறுவாள்?

ஜனவரி 24

சாழி குறைந்துவிட்டது. சுவரைக் கழுவினேன். இன்றைக்குச் சோற்றில் இல்லை, துண்டில் இல்லை.

வரப்பில் நின்று மாரப்பன் மேல் வயலைப் பார்த்தேன். மணி பிடித்த கதிர் தலை சாயும். அவர்களுடையது எல்லாம் விறைப்பாக நிமிர்ந்து நிற்கிறது. அதைப் பார்க்க வேண்டாமென்று தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என்ன பாவம் செய்துவிட்டேன்.

ஜனவரி 28

மாப்பிள்ளை ஒரு ராத்திரி இங்கே தங்கிப் பார்த்துவிட்டு, வீடு நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு!

கூடப் போக நெருங்கின பங்காளி வீட்டுப் பெண் வேண்டும். பூவாத்தாளை விட்டால் யார்? குங்குமச் சிமிழோடு போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதை வாசலில் சொல்ல முடியவில்லை. விருந்துக்கு வரவேண்டும் என்று மட்டும்தான் வாயில் வந்தது.

“வர்றனுங்கக்கா” என்றாள். ஆடித் தகராறில் நான் ஏசியதைக்கூட எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? என்ன வைத்திருக்கிறாள் மனதில்?

பிப்ரவரி 2

யோகா பின்னறையில் தூங்குகிறாள். இடது பக்கமாக ஒருக்களித்து, சின்ன வயதில் தூங்கின மாதிரியே.

திரும்பி வரும்போது காரில் யோகா எனக்கும் பூவாத்தாளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மேல் வயல் பதராகிப் போச்சாமே, எப்படிச் சித்தி என்று பூவாத்தாளைக் கேட்டாள். நான் மடியிலிருந்த பையின் வாயை இறுக்கிக் கட்டினேன்.

“மரநாய் கண்ணு” என்றாள் பூவாத்தாள். “மீனு முடிச்சையெல்லாம் தூக்கீட்டுப் போயி குப்பைக் குழியில பொதைச்சுட்டிருந்துது. நானே பார்த்தேன்.”

மரநாய் எங்கேயாவது குழி தோண்டிப் புதைக்குமா என்று யோகா சிரித்தாள்.

“புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயம் வந்தா எதுவும் பொதைக்கும் சாமி.”

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, நடுவில் யோகா வயிறு.

கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டில் வண்டி நின்றபோது, தன் வீட்டில் செய்து எடுத்து வந்த எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தாள். முதல் கவளம் யோகாவுக்கு, அடுத்தது எனக்கு. முகர்ந்து பார்க்காமல் வாங்கிச் சாப்பிட்டேன்.