மிளகு மண்டித் தராசு

14.8.2003, வியாழன்

நான் நிருபர். செம்மேட்டு மனநல முகாமுக்குச் செய்தி எடுக்கப் போவது போலத்தான் போனேன். சாக வேண்டும் என்ற நினைப்பு விடமாட்டேன் என்கிறது. அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். நான் வாய் திறக்குமுன், "மொதல்ல எடை போட்டுட்டு வாங்க" என்றார். எடை மெஷினில் முள் கடைசி வரை போய் நின்றுவிட்டது. எதிரே இருந்த மிளகு மண்டித் தராசுக்கு அனுப்பினார்கள்.

"ஏனுங்க, சாக்கு எடையக் கழிச்சுட்டு எழுதோணுங்களா?" என்றான் மூட்டை தூக்குபவன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் வாயில் குத்தினேன். பல் உடைந்தது. மூட்டைக் கொக்கியை ஓங்கினான். நான் கழுத்தைக் காட்டினேன்.

ஓங்கிய கை நின்றது. "சாகறதுக்கா வந்தீங்க?"

"ஆமாம்."

சட்டையைப் பிடித்து முகாமுக்கே இழுத்துப் போனான். ரத்தத்தைத் துப்பிவிட்டு டாக்டரிடம், "என் பல்லு கெடக்குதுங்க. மொதல்ல இவரப் பாருங்க" என்றான்.

டாக்டரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். செய்தி எதுவும் அனுப்பவில்லை.