நூற்றுத் தொண்ணூறு

லாக் பெர்டு, வட ஒன்டாரியோ
ஜனவரி 14

அன்புள்ள ராக்சன் அக்கா,

நீங்களும் உங்கள் கிழட்டு நாயும் நலந்தானே? இங்கே மைனஸ் முப்பது. உங்கள் அமெரிக்கக் கணக்கில் என்னவோ, மூக்கு கையோடு வந்துவிடும் போலிருக்கிறது.

பெண்ணாவதற்கு மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதம். கண்ணாடியில் அதே பழைய மார்செல்தான் நிற்கிறான். ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் நூற்றுத் தொண்ணூறு என்று நர்ஸ் போனில் சொன்னாள். எப்போதாவது வந்துபோகும் டாக்டரோ, "இது போதுமா, கூட்டணுமா? நீயே சொல்லும்மா" என்கிறார். மர மில்லில் எல்லார் முன்னாலும் அப்பா, "டேய் மார்செல்" என்றுதான் கூப்பிடுகிறார். இந்தப் பாதையில் முன்பே நடந்தவர் என்று எனக்கு உங்களைத்தான் தெரியும். என்ன சொல்லட்டும்?

உங்கள்
டெல்ஃபின்


டுலூத், மினசோட்டா
ஜனவரி 27

அடியே டெல்ஃபின்,

மைனஸ் முப்பதை எங்கள் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். ஐயோ! கம்பளிச் சாக்ஸ் அனுப்புகிறேன்.

நூற்றுத் தொண்ணூறு வைத்துக்கொண்டா புலம்புகிறாய்? கொழுப்புத்தான் உனக்கு. நூறுக்கும் இருநூறுக்கும் நடுவில் இருந்தால் போதும் என்பார் என் டாக்டர். நானே நூற்றைம்பதைத் தாண்டியதில்லை. கூட்டச் சொல்லி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பொறுத்தார் பூமி ஆள்வார். நாய் என் புதுச் செருப்பைத் தின்றுவிட்டது.

முத்தங்களுடன்
ராக்சன்


லாக் பெர்டு
ஜூன் 3

அன்புள்ள அக்கா,

"போதும் டாக்டர்" என்றேன். பொறுத்தேன். பூமியும் ஆளவில்லை, சட்டை அளவுகூட மாறவில்லை. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததிலும் அதே நூற்றுத் தொண்ணூறு. எண் சரியாக இருக்கிறது, இந்த உடம்புதான் மாட்டேன் என்கிறது. அதைவிடக் குறைந்த எண்ணில் உங்களுக்குப் பலித்தது எனக்குப் பலிக்கவில்லை என்றால் குறை என்னிடம்தானே?

நேற்று அப்பாவிடம், "நீங்க சொன்னதுதான்பா சரி, நான் மார்செல்தான்" என்றேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில்.

இந்த மாதத்தோடு மாத்திரையை நிறுத்துகிறேன். ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், வீட்டில் அது கிடக்க வேண்டாம். இனி எழுத மாட்டேன். எந்தப் பெயரைப் போட்டு முடிப்பது என்றும் தெரியவில்லை.


டுலூத்
ஜூன் 11

டெல்ஃபின்,

நிறுத்தாதே. கெஞ்சிக் கேட்கிறேன், நிறுத்தாதே.

உன் ரிப்போர்ட்டில் அளவு பிகோமோல் என்று இருக்கிறது. எங்களுக்குப் பிகோகிராம். உங்கள் எண்ணை மூன்று புள்ளி ஆறு ஏழால் வகுத்தால்தான் எங்கள் எண் வரும். உன்னுடையது வெறும் ஐம்பத்திரண்டு. உன் உடம்பு மாட்டேன் என்று சொல்லவே இல்லையடி, அதற்குக் கிடைத்ததே அவ்வளவுதான்! குளிரை மாற்றிப் பார்த்த எனக்கு இதை மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லையே.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. டாக்டரிடம் இதைக் காட்டு. வெறும் தாளையாவது உறையில் போட்டு அனுப்பு, நீ இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

ராக்சன்


லாக் பெர்டு
ஜூலை 20

ராக்சனுக்கு,

காட்டினேன். "குறைச்சல்தான். ஆனா நீதானேம்மா போதும்னு சொன்னே? உனக்கு அவ்வளவுதான் வேணும்போலன்னு விட்டுட்டேன்" என்றார். இப்போது கூட்டியிருக்கிறார்.

நான் பெண்தான் என்று அப்பாவிடம் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை சொன்னபோது கத்தினார். இந்த முறை தட்டை எடுத்துக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டார். இன்றுவரை அங்கேதான் சாப்பிடுகிறார்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. போய்விடும் என்றுதான் நினைக்கிறேன். போகும்வரை எழுதாதீர்கள். நாயை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

டெல்ஃபின்