கரண்டி நம் வீட்டுக் கதவுக்கு வந்த வாரம்

என் செல்ல மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அதையே சுகம் என்று எடுத்துக்கொள். போனில் நீ எதைக் கேட்டாலும் என் வாய் தானாகச் சரி என்று சொல்லிவிடுகிறது. வீட்டை விற்றுவிடலாமா என்றாய், சரி என்றேன், எங்களோடு வந்து இருந்துவிடு என்றாய், அதற்கும் சரி, கிணற்றில் குதி என்றிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் கடிதம்.

அப்பா போனதிலிருந்து எனக்கு எதுவுமே உறைக்கவில்லைடி. அழுதால் பாரம் குறையும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், வந்தால்தானே அழுவதற்கு. புரோக்கர் வந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், அலமாரியைத் திறந்து அப்பாவின் சட்டைகளைப் பார்த்துவிட்டு இதெல்லாம் எப்பம்மா எடுப்பீங்க என்று கேட்டார், யாரோ யார் வீட்டையோ பார்க்கிற மாதிரி நான் பாட்டுக்கு நின்றிருந்தேன். பின்பக்கக் குழாய் சொட்டுகிறது, வாளியை வைத்துவிட்டு அதையும் விட்டுவிட்டேன்.

நம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற குளமும் தோப்பும் உனக்கு நினைவிருக்கும். நீ இருந்தபோது அது கட்டட இடிசல் கொட்டுகிற இடம். நீ கல்யாணமாகிப் போன பிறகு அதை மூடி லாரி நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்து தெருவே திரண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். விடிந்ததும் திறந்து இருட்டுவதற்குள் பூட்டிவிட வேண்டும், ஒரு நாள் அசந்தாலும் இடிசல் லாரி உள்ளே புகுந்துவிடும், அப்புறம் எங்களிடம் வராதீர்கள் என்று சொல்லி, வேலி போட்டுக் கேட் சாவியைக் கொடுத்தார்கள். முதல் வாரமே நம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் சாவியைச் சட்டைப் பையோடு துவைக்கப் போட்டுவிட்டார். உங்கப்பா என்ன செய்தார் தெரியுமா, என் பெரிய கரண்டியை எடுத்து அதன் காம்பில் சாவியைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார், இனிமே எவன் பையில போடறான்னு பாப்போம் என்று. நல்ல கனமான கரண்டி, நான் போட்ட கூச்சல் எதிர்வீட்டுக்காரிக்கு இன்னும் காதில் இருக்கும். அன்றிலிருந்து சாவி என்று யாரும் சொல்வதில்லை. வீட்டுக்கு ஒரு வாரம், முடிந்தால் அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும், கரண்டி இப்ப யார் வீட்டுல என்பதுதான் தெருவில் பேச்சு.

அப்பா போன பிறகு அது நம் வீட்டுக்கு வரவே இல்லை. வரவில்லை என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. பாவம் அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும் என்று எல்லோரும் கூடிப் பேசி, தையல்காரர் வீட்டிலிருந்து நம்மைத் தாண்டி நேராக அந்தப் பக்கத்து நர்ஸ் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். போன வாரம் தையல்காரர் ஊரில் இல்லை. புதிதாக வந்திருக்கும் அவர் மருமகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், பக்கத்து வீட்டில் மாட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள், பக்கத்து வீட்டில் மாட்டிவிட்டாள். காலையில் பால் எடுக்கக் கதவைத் திறக்கிறேன், என் கரண்டி தொங்குகிறது. நர்ஸிடம் கொடுத்துவிடலாம் என்றால் அவள் ராத்திரி டூட்டி முடிந்து அப்போதுதான் படுத்திருக்கிறாள். வெளிச்சமும் வந்துவிட்டது. வீட்டுச் செருப்போடு அப்படியே போனேன்.

கேட் வாசலில் ஒட்டடைக்குச்சி நின்றிருந்தார், அப்பாவோடு நடக்கப் போவாரே, நம் வீட்டு வாசல் நிலையில் எப்போதும் தலையை இடித்துக்கொள்கிற அந்த உயரமானவர். கூட இன்னும் சில பேர். கரண்டியோடு என்னைப் பார்த்ததும் அவர்தான் முன்னால் ஓடி வந்தார். ஐயோ அண்ணி, யாரோ தெரியாம மாட்டிட்டாங்க, குடுங்க, நாங்க பாத்துக்கறோம் என்று பதறிக்கொண்டு கையை நீட்டினார். எனக்கு வந்ததே ஒரு கோபம். இத்தனை மாதத்தில் முதன்முதலாக எனக்கு வந்தது அதுதான். கரண்டி என்னோடது, கைய எடுங்க என்று சொல்லிவிட்டேன். பாவம், நல்ல மனுஷன், மிரண்டு போனார். கேட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு திறக்கும் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். உள்ளே போனோம். அத்தனை பேரும் குளத்தைப் பார்க்கிற மாதிரி என்னைத்தான் பார்த்தார்கள். குளம் நன்றாகத்தான் இருந்தது, கரையில் கொக்கு நின்றது, நாங்கள் நட்ட கன்றெல்லாம் நிழல் தருகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, உன்னிடம் பொய் சொல்வானேன்.

சாயந்திரம் பூட்டுவதற்கு முன்னால் உள்ளே இருப்பவர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும். கரண்டி நம் வீட்டில் இருக்கிற வாரத்தில், பூட்டப் போறேன், வாங்க எல்லாரும் என்று அப்பா கத்துவது நம் சமையலறை ஜன்னல் வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுத்தான் டீக்கு அடுப்பை மூட்டுவேன், கடிகாரமே பார்த்ததில்லை. அன்றைக்கு நான் கத்தினேன். முதலில் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை எங்கிருந்துதான் வந்ததோ அப்படி ஒரு சத்தம், மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஜோடி அலறியடித்துக்கொண்டு எழுந்து வந்தது. இந்தச் சத்தம் நம் சமையலறைக்குப் போயிருக்கும், அங்கே கேட்க ஆள் இல்லையே என்று நினைத்தேன், அவ்வளவுதான், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். தூங்கி எழுந்து நடக்க வந்திருந்த நர்ஸ் என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். கேட்டைப் பூட்டி, கரண்டியை மறுபடி என் கையிலேயே கொடுத்தாள்.

மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே, மறுபடி மரக்கட்டை மாதிரிதான் இருந்தேன். ஆனாலும் வாரம் முடிகிறவரை திறந்தேன், பூட்டினேன். நான் இங்கே இல்லாவிட்டால் அடுத்த சுற்றில் தையல்காரர் வீட்டிலிருந்து மறுபடியும் நம் கதவைத் தாண்டித்தான் போகும். அதனால் புரோக்கரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது வாய் தானாகச் சொன்னதில்லை, நானே சொன்னது. எனக்காக ஒரு அறைக்கு மாப்பிள்ளை பெயின்ட் அடித்தார் என்றாய், அவர் மனசு கோணாமல் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த அறையில் வந்து கொஞ்ச நாள் இருக்கிறேன், பிறகு திரும்பிவிடுவேன். குட்டியின் சளிக்குக் கண்ட மருந்தும் கொடுக்காதே, நீயும் நின்றுகொண்டே சாப்பிடுகிற பழக்கத்தை விடு.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், வாய் நிறையப் பேசிக்கொண்டு நன்றாக இருங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் என்னைக் கேட்டுக்கொள், நம் வாரத்தில் போட்டுவிடாதே. மறக்காமல் எனக்கு ஒரு பெரிய கரண்டி வாங்கி வை, பழையது இனி சமையலறைக்குத் திரும்பாது.

உன் அம்மா