ஐனர் வீட்டுப் பதிவு

ஆல்போர்க், நவம்பர் 9

அன்பு மகள் மெட்டேவுக்கு, அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் இல்லை. உன் முதுகுவலி குறைந்ததா, நாற்காலியை மாற்றினாயா? மேல்வீட்டு ஐனர் மாமா போன சனிக்கிழமை இறந்துவிட்டார். வழக்கப்படி அவருக்காக முற்றத்துக் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கியது நான்தான்.

போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். நிலவறையில் நீ வைத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர், அந்த ப்ராக்ஸி, பதினாலு வீட்டு இன்டர்நெட்டும் அது வழியாகத்தானே போகிறது. வெளியே எல்லாருக்கும் ஒரே முகவரி, ஒருவர் தப்புச் செய்தாலும் பழி மொத்தக் கட்டடத்துக்கும் வரும், அதனால் யார் எதைப் பார்த்தார்கள் என்று பதிவாகட்டும், வம்பு வந்தாலொழியத் திறக்காதீர்கள் அப்பா என்று படித்துப் படித்துச் சொன்னாய். ஆகஸ்ட் கடைசியில் லைன் ஊர்ந்தது, எல்லாரும் என்னைப் பிடுங்கினார்கள், யார் இழுக்கிறார்கள் என்று பார்க்கத் திறந்தேன். ஐனர் வீட்டு வரிசையில் நாலு நாளாகக் கணையப் புற்றுநோய், எத்தனை மாதம் தாங்கும், இதே தேடல்தான். அன்று சாயங்காலம், மறுநாள் வரும் ஐனர், கெர்டா மாமி ஐம்பதாவது திருமண நாளுக்காக, நம் ஊர் வழக்கப்படி அவர்கள் வாசலில் பசுங்கிளை வளைவு கட்டிக்கொண்டிருந்தோம், நான் சும்மா இருக்காமல் அவரைக் கட்டிக்கொண்டு, தைரியமா இருடா, இப்பல்லாம் இதுக்கு வைத்தியம் இருக்கு என்றேன். பின்னால் ரிப்பனோடு நின்ற கெர்டா மாமி, எதுக்கு வைத்தியம் என்று கேட்டார். அவருக்குத் தெரியாது, மெட்டே. விழா முடியட்டும் என்று ஐனர் மறைத்து வைத்திருந்தார். மறுநாள் காலை அவர்களை எழுப்ப எல்லாரும் வளைவுக்கடியில் நின்று பாடினோம், கதவைத் திறந்தபோது இருவர் கண்ணும் வீங்கியிருந்தது. லைனைத்தானேடா உன் கையில குடுத்தோம், வீட்டையுமா குடுத்தோம் என்றார் ஐனர். அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை, அப்படியே போய்விட்டார். அழுதுவிட்டேன் மெட்டே.

பதிவே வேண்டாம் என்று கட்டடக் கூட்டத்தில் சொன்னேன், நாளைக்குப் போலீஸ் வந்தா யாரைக் கை காட்டுறது என்றார்கள், அதுவும் நியாயம்தான். நேற்று கெர்டா மாமி கீழே வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அதுல அவரோட கடைசி நாளெல்லாம் இருக்கு, நீ படிக்காதே, அழிச்சும் தொலைக்காதே, தைரியம் வர்றப்ப நானே பாத்துக்கிறேன் என்றார்.

தொண்ணூறு நாளில் தானாக அழியும் என்றாயே, இருபத்தைந்தாம் தேதிக்குள் ஐனரின் அந்த ஆகஸ்ட் பக்கங்கள் போய்விடும். கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணு, அழியாமல் நிறுத்துவது எப்படி, என்னாலேயே திறக்க முடியாதபடி பூட்டுவது எப்படி என்று சொல். நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு கண்ணே. எங்களிடம் எதையாவது மறைக்கிறாய் என்றால் மறைத்துக்கொள், நான் தேட மாட்டேன், நீயாகச் சொல்லும்வரை காத்திருப்பேன்.

உன் அப்பா
ஹோல்கர்