நிசு ரொட்டிமேல் போட்ட பழி

கலூமெட், மிச்சிகன்
நவம்பர் 19

அன்பு மகள் ஐலிக்கு அம்மா எழுதுவது. நீயும் ராயும் குழந்தையும் டூசான் வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, என் மனசுதான் சரியில்லை. இரண்டு நாளாகப் பனி கொட்டுகிறது. போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டதற்குக் கோர்ட் உத்தரவுப்படி அப்பா காரில் அந்த ஊதும் கருவியை மாட்டி ஏழு மாதமாகிறது. மூச்சில் மது இல்லை என்று அது ஒப்புக்கொண்டால்தான் கார் கிளம்பும், ஓடும்போதும் நடுநடுவே ஊதச் சொல்லும். ஆகஸ்டில் ஒரு காலை கிளம்பவே மாட்டேன் என்றது. "எல்லாம் உன் நிசு ரொட்டியாலதான் லொரைன், ஈஸ்ட் போட்டுப் பொங்க வைக்கிறியே, அது மெஷினுக்குக் குடிச்ச மாதிரிதான் தெரியும்" என்றார். நானும் நம்பினேன். நிசு சுடும் ஏலக்காய் வாசனை இல்லாத சனிக்கிழமை நம் வீட்டில் உண்டா, சொல்? அன்றோடு மாவு பிசைவதையே விட்டேன். பிறகும் மறுத்தது. கடை ரொட்டியிலும் ஈஸ்ட்தான் என்றார். டோஸ்ட் வைத்துக் கொடுத்ததும் நான்தானே, என்னால் அவர் வேலை போய்விடக் கூடாதே என்று குனிந்து நானே ஊதினேன், பைத்தியக்காரி. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் என்னை இறக்கிவிடும் வரை வழியில் கேட்டபோதும் நானே ஊதினேன். அப்படி நான்கு நாள்.

போன செவ்வாய்க்கிழமை கருவியைச் சரிபார்க்கப் போனோம். அப்பா காப்பி வாங்கப் போன நேரம் பார்த்து, அங்கே வேலை செய்யும் டெர்ரி என்ற பெண்ணிடம் ரொட்டி விஷயத்தைக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, கருவியில் பதிவாகியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ரொட்டின்னா வாயக் கொப்பளிச்சா பத்து நிமிஷத்துல போயிடும்மா. இது ஒரு மணி நேரம் கழிச்சும் அப்படியே காட்டுது. இது குடிச்சதுதான். ஆனா நாலு நாள் மட்டும் முதல்ல மாட்டேன்னுட்டு அடுத்த நிமிஷமே சுத்தமா வருது. அன்னிக்கெல்லாம் யாரும்மா ஊதுனது? அடுத்தவங்களுக்கு ஊதுனா உங்களையும் உள்ள வெச்சிருவாங்க" என்றாள். நான் பயந்தது ஜெயிலை நினைத்து இல்லை ஐலி. அந்த நான்கு நாளும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தானே போனோம். பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள், நான் அவர்களுக்குக் கை வேறு ஆட்டினேன்.

நேற்றுக் காலை மறுபடியும் ஊதக் கூப்பிட்டார். மாட்டேன் என்றேன். கத்துவார் என்று பார்த்தால், ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுகிறார். "ஒரே ஒரு ஊது, லொரைன். இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்க போவேன்" என்கிறார். முப்பத்தாறு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஊதிவிட்டேன். இந்தத் தடவை தெரிந்தே ஊதினேன். சாயங்காலம் அவர் என்னை அழைத்துப்போக வந்து சேரும் வரை நூலகத்தில் ஒவ்வொரு சைரனுக்கும் எழுந்து நின்றேன். நாளைக்கு அழுதால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். குழந்தைக்குக் குளிருக்கு இரண்டு தொப்பி எடுத்து வா. கிறிஸ்துமஸுக்கு உங்களை விமான நிலையத்திலிருந்து நானே அழைத்து வருவேன் என்று அப்பா குழந்தை சீட்டுகூட மாட்டிவிட்டார். அவர் காரில் ஏறாதே. வாடகைக் கார் எடுத்துக்கொள். கருவிதான் இருக்கிறதே, கார்தான் கிளம்பிவிட்டதே என்று நம்பிவிடாதே. அதைக் கிளப்பிய மூச்சு என்னுடையதாக இருக்கும்.

உன் அம்மா,
லொரைன்